கைப்பையில் முன்கட்டை

ஜெலுத்தோங்கில் இன்னும் விடியவில்லை.
பதினோராம் மாடியிலிருந்து
துப்பாக்கியை இறக்குகிறாள் குணவதி,
மின்தூக்கியில் வேறு யாருமில்லை என்று பார்த்தபின்.
பக்கத்து வீட்டு மேடம் ஓங்
அதை வயலின் பெட்டி என்றே நம்புகிறார்.
நாங்கள் திருத்தவில்லை.
ஒவ்வொரு தீபாவளிக்கும்
ஒரு பாட்டு வாசியேன் என்பார்.
விரல் சுளுக்கு என்பாள் இவள்.

இரட்டைக்குழல். மூன்றாகக் கழற்றியது.
குழலும் பிடிக்கட்டையும்
பஞ்சுப் பள்ளத்தில் தனித்தனியே படுத்திருக்க
பெட்டிக்கு இரண்டு பூட்டு.
காடியின் பின்பக்க வளையத்தோடு
பெட்டியைக் கட்டும் இரும்புக் கயிற்றுக்கு ஒன்று.
மூன்றாம் துண்டு, முன்கட்டை,
அவள் கைப்பையில்,
திருநீற்றுப் பொட்டலத்துக்கும்
உதட்டுச் சாயத்துக்கும் நடுவே.
"திருடினாலும் திருடனுக்கு
வெறும் குழாய்தான் மிச்சம்."

தோட்டாக்கள் வேறு பெட்டி, வேறு சாவி,
பின்னிருக்கைக்குக் கீழே.
இருநூற்றைம்பது.
நேற்றிரவு இரண்டு முறை எண்ணினாள்.
என் சம்பளத்தைக்கூட
ஒருமுறைதான் எண்ணுவாள்.

பாலத்தில் கடல் சாம்பல் நிறம்.
பிளாஸ்க்கில் தேநீர் இருக்கிறது,
எனக்கு மட்டும்.
உரிமம் அவள் பெயரில்.
அவள் இறங்கிப் போனால்
நானும் துப்பாக்கியும் தனியாகிவிடுவோம்.
கூடாது என்கிறாள்.
பத்தொன்பது வருடம்
ஒரே வங்கிக் கணக்கு, ஒரே போர்வை,
ஒரே பல்வலி மருத்துவர்.
இதில் மட்டும் நான் அந்நியன்.
கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
தைப்பிங் வரை வந்தது.

ஆகவே கோலாலம்பூர் வரை
அவள் தண்ணீர் குடிக்கப்போவதில்லை.
தாப்பா ஓய்விடத்தில்
கடை வாசலை ஒட்டி நிறுத்தச் சொல்கிறாள்.
நாசி லெமாக் வாங்கி வருகிறேன்.
பின்கதவில் முதுகைச் சாய்த்து
நின்றபடியே சாப்பிடுகிறாள்.
சம்பல் உறைக்கிறது, கண்ணில் நீர்.
போத்தலை நீட்டுகிறேன்.
தலையாட்டுகிறாள், வேண்டாம்.
நானும் மூடியைத் திருகி மூடுகிறேன்.
பெரிய தியாகமில்லை.
நான் ஏற்கெனவே போய்வந்துவிட்டேன்.

தஞ்சோங் மாலிம் தாண்டிச் சாலைத் தடுப்பு.
இளம் போலீஸ்காரர், மீசை முளைக்கும் வயசு.
பின்பக்கம் என்ன?
கேட்பதற்குள் கடிதம் வெளியே வந்துவிட்டது,
உறையோடு, நகலோடு.
"உங்களுடையதா, என்சிக்?"
என்னைப் பார்த்துக் கேட்கிறார்.
தாடையால் அவளைக் காட்டுகிறேன்.
அவள் ரப்பர் செருப்பைப் பார்க்கிறார்,
மறுபடி கடிதத்தை.
"எதைச் சுடுவீங்க? பன்றியா?"
"தட்டு."
"தட்டா?"
"களிமண் தட்டு. ஆரஞ்சு நிறம்.
பறக்கும்போது சுடணும்.
தூள்தான் விழும். ரத்தம் கிடையாது."
போன வருடம் எத்தனை, என்கிறார்.
இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு.
விட்டுப்போன அந்த மூன்றும்
எந்தத் திசையில் போயின என்று
அவருக்கு இவள் கையால் வரைந்து காட்ட,
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.

ராவாங்கில் மழை. நெரிசல்.
வாகனம் நகர நகர
அவள் முழங்கால்கள் இறுகுகின்றன.
வேகத்தடை ஒவ்வொன்றையும்
முட்டைக்கூடை ஏற்றியவன்போல் கடக்கிறேன்.

கோலாலம்பூர்ப் புறநகர்,
சுடுதளத்தின் ஆயுத அறை.
இரண்டு நாற்பது.
கம்பிச் சாளரத்துக்குள் பெட்டி போகிறது,
சாவிகள் போகின்றன,
ஆயுத அறைக்காரர் ரஸ்லான் பேரேட்டைத் திறக்கிறார்.
அவ்வளவுதான், இவளைக் காணோம்.
தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் மட்டும்
ஓடுகிறது.

குழல், ஒன்று. எழுதுகிறார்.
பிடிக்கட்டை, ஒன்று.
பள்ளத்தில் விரலை வைத்துத் தேடுகிறார்.
பேனா நிற்கிறது.
"ஒரு துண்டு குறையுதே, என்சிக்."

"இருக்கு," என்கிறேன்.
"எங்கே?"

தாழ்வாரத்தின் கோடியில்
பெண்கள் படம் ஒட்டிய கதவு.

"கொஞ்சம் பொறுங்க," என்கிறேன்.
"பினாங்கிலிருந்து பொறுத்து வந்திருக்கு."